உலாவி ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிடிபி 3-ஐ அணைத்தால் பழைய இணைப்பு என்ன ஆகிறது?

12 அக்டோபர் 2024, காலை (வாசகர் கேள்வி)

நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கொஞ்ச நாளாகப் படங்கள் நிறைந்த பக்கங்கள் பாதி வந்து நின்றுவிடுகின்றன. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் புதிய பதிப்பான எச்டிடிபி 3-ஐ அணைத்துப் பார்க்கும்படி சேலத்தில் இருக்கும் நண்பர் சொன்னார். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் உள் அமைப்புகளைக் காட்டும் அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் அதை அணைத்து, திறந்திருந்த பக்கத்தை ரீலோட் செய்தேன். எந்த மாற்றமும் இல்லை. டெவலப்பர் கருவிகளின் நெட்வொர்க் பலகத்தில் நெறிமுறை என்ற பத்தியில் இன்னும் ‘எச்3’ (எச்டிடிபி 3) என்றே வருகிறது. இந்த அமைப்பு பெயருக்குத்தான் இருக்கிறது, வேலை செய்வதில்லை என்பது என் முடிவு. வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

12 அக்டோபர் 2024, பிற்பகல்

எனக்கு வேறு கருத்து இருக்கிறது. அமைப்பு வேலை செய்கிறது; ஆனால் அது ஆளுவது இனிமேல் பிறக்கப்போகும் இணைப்புகளை மட்டுமே. மண்சரிவு என்று சொல்லி ஏற்காடு அடிவாரச் சோதனைச்சாவடியில் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டால், அதற்கு முன்பே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டிகள் நிற்பதில்லை. உங்கள் ‘எச்3’ இணைப்பும் அப்படி முன்பே ஏறிப் போன ஒன்று.

உலாவி ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஓர் இணைப்பைத் திறப்பதில்லை. ஒருமுறை திறந்ததை ஒரு தொகுப்பில் வைத்துக்கொண்டு, அதே சர்வருக்குப் போகும் அடுத்தடுத்த கோரிக்கைகளையும் அதிலேயே அனுப்புகிறது. பழைய எச்டிடிபி 1.1 காலத்தில் ஒரு சர்வருக்கு 6 இணைப்புகள் வரை திறந்து, அவை தனித்தனியே பிறந்து தனித்தனியே முடிந்தன. எச்டிடிபி 2, எச்டிடிபி 3 ஆகியவற்றில் பெரும்பாலும் ஒரே இணைப்பு எல்லாக் கோரிக்கைகளையும் சுமக்கிறது. பக்கம் தானாகவே சில விநாடிகளுக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும் வகையாக இருந்தால், அந்த ஒற்றை இணைப்பு சும்மா இருக்கும் நேரமே வராது. ஆகவே அது முடிவதும் இல்லை. நீங்கள் ரீலோட் செய்தபோது கோரிக்கை போனது அந்தப் பழைய இணைப்பில்தான் என்று நினைக்கிறேன்.

12 அக்டோபர் 2024, இரவு

பிற்பகலில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நெட்வொர்க் பலகத்தில் தெரியும் ‘எச்3’ என்ற எழுத்து எல்லா வரிகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. உலாவி முன்பே சேமித்துவைத்த கேச்சிலிருந்து எடுத்த கோப்பாக இருந்தால், அது முதன்முதலில் எந்த நெறிமுறையில் வந்து சேர்ந்ததோ அதன் பெயரே அந்த வரியில் நிற்கக்கூடும். ஆகவே பலகத்தின் மேல்பகுதியில் கேச்சை முடக்கும் கட்டத்தைக் குறியிட்ட பிறகு பார்ப்பதையே சோதனை என்று கொள்ள வேண்டும்.

நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் அமைப்பை அணைக்கிறேன். அந்தத் தளத்தைச் சேர்ந்த டேப்கள் அனைத்தையும் மூடுகிறேன். பிறகு அபவுட் நெட்வொர்க்கிங் பக்கத்தைத் திறந்து, எச்டிடிபி என்ற பகுதியில் அந்தச் சர்வரின் பெயருக்கு நேரே நடப்பு இணைப்பு, சும்மா இருக்கும் இணைப்பு ஆகியவற்றின் எண்ணிக்கை இறங்குவதைக் கவனிக்கிறேன். அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்த பிறகே பக்கத்தை மீண்டும் திறக்கிறேன். இந்தக் காத்திருப்புக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஃபைல் மெனுவில் ‘ஆஃப்லைனில் வேலை செய்’ என்ற வழி இருக்கிறது. அதை ஒருமுறை இயக்கி உடனே விலக்கினால் பழைய இணைப்புகள் யாவும் அறுந்துவிடும். ஆனால் அனுப்பிக்கொண்டிருக்கும் படிவமோ, ஏறிக்கொண்டிருக்கும் கோப்போ இருந்தால் அதுவும் அறுந்துபோகும் என்பதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

14 அக்டோபர் 2024

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: குரோமில் இந்தக் குழப்பமே இல்லை, எச்டிடிபி 3-க்கு அடியில் ஓடும் குவிக் நெறிமுறையின் அமைப்பை மாற்றினால் உலாவியே மறுதொடக்கம் கேட்கிறது, அதுதான் நேர்மையான முறை என்கிறார். அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. மறுதொடக்கம் என்றால் பழைய இணைப்பு ஒன்றுகூட மிஞ்சாது. பார்ப்பவருக்குச் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை ஒன்றின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பகல் முழுவதும் வங்கிப் பக்கமும் வரிப் பக்கமும் திறந்தே இருக்கும். உலாவியை மூடித் திறந்தால் ஒவ்வொன்றிலும் மறுபடி கடவுச்சொல், மறுபடி ஒருமுறைக் குறியீடு. கடைக்காரர் ஒருவர் வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துக்கொண்டு இதைச் செய்யமாட்டார். எனவே மறுதொடக்கம் கேட்கும் அமைப்பைச் சோதனைக்காகத் தொடுவதற்கே ஆட்கள் தயங்குகிறார்கள், தொட்டவர்களும் அதை மாற்றிவைப்பதை நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறார்கள். ஓடும்போதே மாற்ற முடிவது வெறும் வசதி அல்ல. சோதனை நடப்பதற்கே அது தேவை.

குரோமிலும் இடைவழி ஒன்று இருக்கிறது. நெட் இன்டர்னல்ஸ் பக்கத்தில் சாக்கெட் (இணைப்பின் முனை) என்ற பகுதிக்குப் போனால், சும்மா இருக்கும் சாக்கெட்டுகளை மட்டும் மூட ஒரு பொத்தானும், தொகுப்பு முழுவதையும் காலி செய்ய மற்றொரு பொத்தானும் இருக்கின்றன. நடப்பு இணைப்பு உள்ள பக்கங்கள் உடையக்கூடும் என்ற எச்சரிக்கை அருகிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரி எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். என்ன நடக்கும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

15 அக்டோபர் 2024, காலை

நேற்று எழுதியதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அமைப்பை மாற்றும் கணத்தில் பழைய இணைப்பை என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழிகள்தாம் இருப்பது போல நாம் பேசிவருகிறோம்: ஒன்று, அதை அப்படியே விட்டுவிடுவது; மற்றொன்று, அறுத்தெறிவது. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதுவே சரியானது என்பது என் உறுதியான எண்ணம். பழைய இணைப்பில் இனிப் புதிய கோரிக்கை எதையும் ஏற்றக் கூடாது. அதில் ஏற்கனவே போய்க்கொண்டிருப்பவை முடியும்வரை காத்திருந்து, கடைசிக் கோரிக்கை முடிந்ததும் மூடிவிட வேண்டும். புதிய கோரிக்கைகள் புதிய அமைப்பின்படி புதிய இணைப்பில் போகட்டும்.

இது நான் கற்பனையில் புனைந்தது அல்ல. எச்டிடிபி 2-லும் 3-லும் ‘கோஅவே’ என்ற செய்தி இதற்காகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பராமரிப்புக்காக நிற்கப்போகும் சர்வர், இனி இந்த இணைப்பில் புதிதாகக் கேட்காதே, முன்பு கேட்டதை முடித்துத் தருகிறேன் என்று உலாவியிடம் அதன் வழியாகத்தான் சொல்கிறது. சர்வருக்குப் பொருந்தும் அதே நாகரிகம், பயனர் ஓர் அமைப்பை மாற்றும்போது உலாவிக்கும் பொருந்த வேண்டும். முடிவே இல்லாமல் திறந்திருக்கும் நீண்ட ஓடைகளுக்கு மட்டும் ஒரு காலக்கெடு வைக்க வேண்டியிருக்கும்.

நிரல் எழுதுவோருக்கு ஒரு வார்த்தை. இத்தகைய அமைப்பின் மதிப்பை உங்கள் நிரல் எந்தக் கணத்தில் படிக்கிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை படித்து வைத்துக்கொண்டால் மறுதொடக்கம் இல்லாமல் எதுவும் மாறாது. இணைப்பு பிறக்கும்போது படித்தால் அடுத்த இணைப்பிலிருந்து மாறும். மாற்றத்தைக் கவனித்திருந்து, மாறியவுடன் தொகுப்புக்கும் தகவல் சொன்னால்தான் நான் சொன்ன மூன்றாவது வழி நடக்கும்.

15 அக்டோபர் 2024, இரவு

ஆம், அணைத்த உடனேயே ‘எச்2’ என்று மாறிக் காட்டியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் முரண் எதுவும் இல்லை. அவருடைய பக்கம் சும்மா இருந்ததால் பழைய இணைப்பு தானே முடிந்துபோயிருக்கும். குவிக் இணைப்பில், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் மூடிவிடலாம் என்ற கெடுவை இரு முனைகளும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகின்றன. இரண்டில் சிறியதே செல்லும்.

19 அக்டோபர் 2024

கேள்வி கேட்டவரின் அலுவலகத்துக்கே இன்று போய் வந்தேன். வேறு ஒரு தோட்டத்துக்குப் போகவேண்டிய வேலை இருந்தது. ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர்ச் சாலையில் திரும்பினால் அவருடைய இடம் தொலைவில்லை.

நான் சொன்ன வரிசையில் எச்டிடிபி 3-ஐ அணைத்து, பழைய இணைப்பு பட்டியலிலிருந்து மறைந்த பிறகு பக்கத்தைத் திறந்தோம். படங்கள் கடைசிவரை வந்தன. மறுபடி இயக்கினோம்; பாதியில் நின்றன. ஆகவே அமைப்பு வேலை செய்கிறது என்பது அவர் கண்முன்பே உறுதியாயிற்று. அதைவிட முக்கியமானது, தரவைச் சுமக்கும் இரண்டு அடிப்படை நெறிமுறைகளில் கோளாறு டிசிபி வழியில் இல்லை, யுடிபி வழியில்தான் இருக்கிறது என்பது தெரிந்தது. எச்டிடிபி 3 குவிக்கின் மேலும், குவிக் யுடிபியின் மேலும் ஓடுகின்றன. எச்டிடிபி 2 டிசிபியின் மேல் ஓடுகிறது.

அதன்பின் ரூட்டரின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தேன். யுடிபி வெள்ளத் தாக்குதலைத் தடுக்கும் வடிகட்டி இயக்கத்தில் இருந்தது. ஒரு விநாடிக்கு இத்தனை யுடிபி பாக்கெட்டுகளுக்கு (தரவுத் துண்டுகளுக்கு) மேல் ஒரே முகவரியிலிருந்து வந்தால் தாக்குதல் என்று கொண்டு எறிந்துவிடும்படி, மிகவும் தாழ்ந்த எல்லை வைக்கப்பட்டிருந்தது. யுடிபி பெரும்பாலும் பெயர் தேடலுக்கும் (தளத்தின் பெயருக்குரிய முகவரியைக் கண்டறிவதற்கும்) குரல் அழைப்புக்கும் பயன்பட்ட காலத்தில் இந்த எல்லை யாரையும் தொந்தரவு செய்திருக்காது. ஃபயர்ஃபாக்ஸில் 2021 ஏப்ரலில் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து எச்டிடிபி 3 இயல்பாகவே இயங்குகிறது. குவிக்குக்கு 2021 மே மாதத்தில் ஆர்எஃப்சி 9000, எச்டிடிபி 3-க்கு 2022 ஜூனில் ஆர்எஃப்சி 9114 என்று தரநிலைகளும் வந்துவிட்டன. படங்கள் நிறைந்த பக்கமும் காணொளியும் இப்போது யுடிபியில் கொட்டுகின்றன. அவை அனைத்தும் ரூட்டரின் கண்ணுக்குத் தாக்குதலாகத் தெரிகின்றன.

யுடிபி அடைபட்டால் உலாவி தானாகவே டிசிபிக்குத் திரும்ப வேண்டுமே என்று கேட்கலாம். முழுவதும் அடைபட்டால் திரும்பும். குரோம் அப்படித் தோற்ற சர்வரைப் பழுது என்று குறித்துவைத்து, முதலில் 5 நிமிடத்துக்கு எச்டிடிபி 3-இல் முயல்வதில்லை. தொடர்ந்து தோற்றால் அந்தக் காலத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது. இங்கே நடந்தது வேறு. இணைப்பின் தொடக்கத்தில் பரிமாறப்படும் பாக்கெட்டுகள் மிகச் சில, அவை வடிகட்டியைத் தடையின்றித் தாண்டுகின்றன; இணைப்பு பிறந்துவிட்டது என்று உலாவி நம்புகிறது. பெருந்தரவு இறங்கத் தொடங்கிய பிறகே பாக்கெட்டுகள் எறியப்படுகின்றன. முளைக்காத இணைப்பை உலாவி எளிதில் கண்டுகொள்கிறது; முளைத்துப் பட்டினி கிடக்கும் இணைப்பைக் கண்டுகொள்வது அதற்குப் பெரும்பாலும் கடினம்.

20 அக்டோபர் 2024

சூரமங்கலத்திலிருந்து எழுதிய வாசகர், ரூட்டர் யுடிபி இணைப்புகளைச் சீக்கிரம் மறந்துவிடுவதே காரணமாக இருக்கலாம் என்கிறார். நல்ல ஐயம்; ஏனெனில் அந்த மறதி உண்மையானது. ரூட்டர் போன்ற முகவரி மாற்றும் கருவிகள் யுடிபி பதிவை 2 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 4787 கேட்கிறது. நடைமுறையில் பல கருவிகள் அதற்கு முன்பே மறக்கின்றன என்பதால்தான் 30 விநாடிக்கு ஒருமுறையாவது பாக்கெட் அனுப்பவேண்டியிருக்கிறது என்று ஆர்எஃப்சி 9000 எழுதுகிறது. டிசிபிக்குக் கோரப்படும் காலமோ 2 மணி 4 நிமிடம்.

ஆனாலும் குவிக் அந்த மறதியைத் தாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் முகவரியைச் சாராத அடையாள எண் உண்டு. ரூட்டர் மறந்து வேறு துறை எண்ணைக் (போர்ட்) கொடுத்தாலும், உலாவி அடுத்த பாக்கெட்டை அனுப்பியவுடன் சர்வர் அந்த அடையாளத்தைக் கொண்டு இணைப்பை இனங்கண்டு, புதிய வழியைச் சோதித்துத் தொடரும். மேலும் தோட்ட அலுவலகத்தில் பக்கங்கள் நின்றது நீண்ட ஓய்வுக்குப் பிறகு அல்ல. தரவு வேகமாக இறங்கும் நேரத்தில். ஆகவே வடிகட்டி என்பதிலேயே நிற்கிறேன்.

23 அக்டோபர் 2024

கோளாறு எதுவென்று தெரிந்தபின், எச்டிடிபி 3-ஐ நிரந்தரமாக அணைத்துவைத்தால் போதாதா என்று தோட்ட அலுவலகத்தார் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை ரூட்டரை நான் தொடவில்லை. அதன் நிர்வாகக் கடவுச்சொல் மேலாளரிடம் இருந்தது, நான் அவர் முன்னிலையில் பார்க்க மட்டுமே செய்தேன். வடிகட்டியின் எல்லையைச் சரிசெய்யும்வரை அணைத்திருக்கட்டும் என்றுதான் அன்று சொல்லிவிட்டு வந்தேன். தற்காலிகமாக என்ற சொல்லை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மலையில் எச்டிடிபி 3-ஐ இழப்பது, அடிவாரத்தில் இழப்பதைவிடப் பெரிய இழப்பு. ஐப்பசி மழையில், வானலை வழியாக வரும் இணைப்பில் பாக்கெட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைவது அங்கே வழக்கம். டிசிபியில் எல்லாக் கோப்புகளும் ஒரே வரிசையில் வருகின்றன. ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்து நிற்கும் தரவெல்லாம், அது வேறு கோப்புக்கு உரியதாக இருந்தாலும், உலாவியின் கைக்குக் கிடைக்காது. குவிக்கில் ஒவ்வோர் ஓடையும் தனி. தொலைந்த பாக்கெட் எந்தக் கோப்புக்கு உரியதோ அது மட்டும் காத்திருக்கும். இணைப்பு தொடங்குவதிலும் ஒரு சுற்றுப் பயணம் குறைகிறது. எந்த இடத்தில் இணைப்பு மோசமோ அந்த இடத்துக்காகவே ஆக்கப்பட்டது போன்ற ஒன்றை, ஒரு ரூட்டரின் தவறான எல்லைக்காக நிரந்தரமாக அணைத்துவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

24 அக்டோபர் 2024

எச்டிடிபி 3-ஐ மறுபடி இயக்குவோர் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும்: அணைப்பது போலவே இயக்குவதும் உடனே தெரியாது, ஆனால் அதற்குக் காரணம் வேறு. சர்வர் எச்டிடிபி 3 பேசும் என்பது உலாவிக்குத் தெரியவேண்டும். ‘ஆல்ட் எஸ்விசி’ என்ற தலைப்பு வரியில் சர்வர் அதை அறிவிக்கிறது. அந்த வரியைப் பெறுவதற்கு முதலில் டிசிபி வழியே ஒரு பதிலாவது வந்திருக்க வேண்டும். எனவே முதல் பக்கம் ‘எச்2’ என்று காட்டுவதும், சற்று நேரம் கழித்துத் திறக்கும் பக்கம் ‘எச்3’ என்று மாறுவதும் இயல்பே. அந்த அறிவிப்புக்கு ஆயுளும் உண்டு. சர்வர் ஏதும் குறிப்பிடாவிட்டால் 24 மணி நேரம். பெயர் தேடலிலேயே இதை அறிவிக்கும் எச்டிடிபிஎஸ் என்ற பதிவுவகையும் 2023 நவம்பரில் ஆர்எஃப்சி 9460 ஆக வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் தளங்களில் முதல் பக்கமே ‘எச்3’ ஆகலாம்.

27 அக்டோபர் 2024

பெயர் தேடலைப் பற்றிப் பேசியதால் ஒரு நல்ல முன்மாதிரியைச் சொல்லவேண்டும். மறையாக்கிய எச்டிடிபிஎஸ் இணைப்பு வழியாகப் பெயர் தேடும் முறையை ஃபயர்ஃபாக்ஸில் ஓடும்போதே மாற்றலாம். மாற்றியவுடன், பழைய முறையில் தேடிச் சேர்த்துவைத்திருந்த முகவரிகளை உலாவி தானே அழித்துவிடும்படி தனியாக ஓர் அமைப்பே இருக்கிறது. அதாவது அமைப்பு மாறினால், அமைப்பின் பழைய விளைச்சலையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று யாரோ ஒருவர் அக்கறையோடு சிந்தித்திருக்கிறார். 15-ஆம் தேதி நான் கேட்டதும் இந்த அக்கறையைத்தான். முகவரியை அழிப்பது எளிது, அதை யாரும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. இணைப்பை ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், அதனால் கடினம். கடினம் என்பதால்தான் ஓடி முடிய விடும் வழியைக் கேட்கிறேன்.

புதிய முகவரி முறையான ஐபிவி 6-ஐ ஓடும்போதே முடக்குவோருக்கும் இதே சொல். முடக்குவதற்கு முன் பிறந்த ஐபிவி 6 இணைப்பு உயிரோடு இருக்கும்வரை பக்கம் அதிலேயே ஓடக்கூடும். வேறுபாடு தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அபவுட் நெட்வொர்க்கிங் பக்கத்தின் சாக்கெட் பட்டியலைப் பாருங்கள்.

2 நவம்பர் 2024

மேலாளர் கடவுச்சொல்லைக் கொடுத்து, வடிகட்டியின் எல்லை உயர்த்தப்பட்டுவிட்டது. வடிகட்டியை முழுவதும் நீக்கவில்லை. உயர்த்தியதே போதுமானதாக இருந்தது. எச்டிடிபி 3 இயங்கும் நிலையில் படங்கள் முழுவதும் இறங்குவதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்.

அவருக்கு ஒரு வேண்டுகோள். அபவுட் கான்ஃபிக்கில் அந்த அமைப்பை வெறுமனே மறுபடி ‘ட்ரூ’ என்று ஆக்கியதோடு நின்றுவிடாமல், மாற்றப்பட்ட அமைப்புகளை மட்டும் காட்டும் கட்டத்தைக் குறியிட்டுப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். தடித்த எழுத்தில் தெரியும் ஒவ்வொன்றும் இயல்பு நிலையிலிருந்து விலகியது. நண்பர்கள் சொல்லி எப்போதோ மாற்றியவற்றில் காரணம் நினைவில் இல்லாதவை அதில் இருந்தால், வரியின் வலது ஓரத்தில் உள்ள மீட்டமைப்புப் பொத்தானை அழுத்துங்கள். பிறகு டேப்களை மூடி, பட்டியலிலிருந்து பழைய இணைப்புகள் மறைந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.